ஏறி இறங்கும் எஞ்சின்

யாங்கூனின் பழைய நகரப் பகுதியில், அனோரதா சாலைக்கும் மகாபந்துலா சாலைக்கும் நடுவே எண்களால் அழைக்கப்படும் குறுந்தெருக்கள் பல உண்டு. மின்சாரம் நின்ற சில நிமிடங்களில் அங்கே நடைபாதைகளும் பால்கனிகளும் உறுமத் தொடங்கிவிடும். காது கொடுத்துக் கேட்டால் எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே சீராக ஓடவில்லை என்பது தெரியும். ஒன்றிரண்டு ‘ஊ... ஊ...’ என்று ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அதில் குண்டு பல்பு எரிந்தால் அதுவும் கூடவே பளிச்சிட்டு மங்கும். பிஸ்டன் போய்விட்டது, புதுசு வாங்க வேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் முடிவு கட்டிவிடுவார். பெரும்பாலும் பிஸ்டனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தலைமுடியைப் போல ஐந்தாறு மடங்கு மட்டுமே பருமன் கொண்ட ஒரு பித்தளைத் துளை அடைத்துக்கொண்டிருக்கும்.

அந்தத் துளை இருக்கும் இடம் கார்புரேட்டர். யாங்கூன் அதை ஏற்கெனவே ஒருமுறை வழியனுப்பி வைத்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 2003 முதலே தடை. அதனால் மாண்டலே இளைஞனுக்குத் தெரிந்த கார்புரேட்டர் யாங்கூன் இளைஞனுக்குத் தெரியாது. ஆனால் கார்களில் அது இருந்தது. மஸ்தா குட்டி டாக்சிகளும் நாற்பது வயதுச் சரக்கு வண்டிகளும் அதை நம்பித்தான் ஓடின. 2011 செப்டம்பரில் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: பழைய வண்டியை ஒப்படைத்தால், வேறு வண்டி இறக்குமதி செய்ய அனுமதி. கிழட்டு வண்டிகள் உடைக்கப்போயின. ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் எரிபொருளைக் கணினி பீய்ச்சியது. மெக்கானிக்குகள் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு ஸ்கேனரைக் கையில் எடுத்தார்கள்.

பிறகு 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சி. நாட்டின் நாணயமான கியாத்தின் மதிப்பு சரிந்தது, எரிவாயுவில் ஓடிய மின்நிலையங்கள் சில நின்றன, 2022 கோடையில் நகரம் முறைவைத்து இருண்டது. மியான்மாரின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணைகளிலிருந்து வருவது. மார்ச் முதல் மே வரை, வெயில் கொளுத்தி மின்விசிறி தேவைப்படும் அதே மாதங்களில், அணைகளில் நீர் குறைந்திருக்கும். 2012-இல் தமிழ்நாட்டின் மின்வெட்டில் புழுங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காரிலிருந்து போன கார்புரேட்டர் இப்படியாகப் பால்கனி வழியாக யாங்கூனுக்குத் திரும்பி வந்தது. (கடைகளும் அலுவலகங்களும் வைத்திருக்கும் பெரிய ஜெனரேட்டர்கள் பல டீசலில் ஓடுபவை. அவற்றுக்குக் கார்புரேட்டர் கிடையாது. நம் பேச்சு ஒருவர் கயிறு இழுத்து ஓட்டும் பெட்ரோல் ஜெனரேட்டர் பற்றியது.)

அந்தச் சிறு எஞ்சினின் வம்சாவளி ஏறக்குறைய ஒன்றுதான். ஹோண்டா 1983-இல் அறிமுகப்படுத்திய ஜி.எக்ஸ். வரிசை உலகமெங்கும் நகலெடுக்கப்பட்டது. சீனாவில் 168 எஃப் என்ற பெயரில் வருவது அதன் பிள்ளை, 68 என்பது மில்லிமீட்டரில் சிலிண்டரின் விட்டம். தண்ணீர் இறைக்கும் பம்ப், கான்கிரீட் கலக்கும் இயந்திரம், தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டி என எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்தைப் பார்க்கலாம். கோல்ஃப் மைதானத்தில் ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியின் எஞ்சின் இதைவிடப் பெரியது, அமைப்பும் கொஞ்சம் மாறும். ஆனால் அதன் கார்புரேட்டரைக் கழற்றத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும், இது தெரிந்தவருக்கு அதுவும் தெரியும்.

கழற்றுவதற்கு முன் அது செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் கை நடுங்காது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எடையில் சொன்னால் இது சாதாரணமாகத் தோன்றும். கொள்ளளவுக்கு மாற்றிப் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று. சிறு ஜெனரேட்டர் ஒன்று மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும் எஞ்சின் அந்த ஒரு மணி நேரத்தில் 90,000 முறை மூச்சிழுக்கும். ஒரு மூச்சுக்கு வரும் பெட்ரோல் 0.011 மில்லிலிட்டர், அதாவது ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். இதை மோட்டார் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், சென்சார் இல்லாமல் மணிக்கணக்கில் அளந்து கொடுக்கிறது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகக் கட்டி. கார்புரேட்டரை வெறும் பெட்ரோல் குழாய் என்று நினைத்துத் துருவுகிறவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள். அது ஓர் அளவைக் கருவி.

அளக்கும் சூத்திரம் பழையது. ஓடும் திரவத்தின் வேகம் கூடினால் அதன் அழுத்தம் குறையும் என்பதை டேனியல் பெர்னூலி 1738-இல் எழுதினார். குழாயின் நடுப்பகுதியை ஒடுக்கினால் என்ன ஆகும் என்பதை இத்தாலியரான வென்டூரி 1797-இல் விவரித்தார். கார்புரேட்டரின் வயிற்றைக் குறுக்கே பார்த்தால் அந்த ஒடுக்கம் தெரியும். அதில் காற்று வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்றால் அழுத்தம் சுமார் 2,000 பாஸ்கல் இறங்கும். வளிமண்டல அழுத்தத்தில் அது இரண்டு சதவீதம்தான். ஆனால் பெட்ரோலை முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஏறவேண்டியதோ சில மில்லிமீட்டர். அந்தச் சில மில்லிமீட்டர் மாறாமல் இருக்க அடியில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் ஒரு மிதவை, மிதவையின் முதுகில் ஓர் ஊசி. மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து செய்யும் அதே வேலைதான்: மட்டம் ஏறினால் ஊசி மேலே போய் வழியை அடைக்கும், இறங்கினால் திறக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு முன் கார்ல் பென்ஸ் காலத்தில் பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றைத் தவழவிட்டு ஆவியைச் சேகரித்தார்கள். வெயிலுக்கு ஓர் அளவு, குளிருக்கு ஓர் அளவு வரும். பெட்ரோலைத் துளை வழியே பீய்ச்சித் தெளிக்கும் முறை 1893-இல் வந்தது. ஜெர்மனியில் மேபாக், ஹங்கேரியில் பாங்கியும் சோன்காவும்.

பென்ஸ் என்றதும் ஒரு கிளைக்கதை. அவர் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886 ஜனவரி 29. அதே மாதம் 1-ஆம் தேதி மேல் பர்மாவைப் பிரிட்டன் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதுவரை மன்னரின் ஏகபோகத்தில் இருந்த யெனாங்யாவுங் எண்ணெய்க் கிணறுகளின் பக்கம் அதே ஆண்டில் திரும்பியது கிளாஸ்கோவில் பிறந்த பர்மா ஆயில் கம்பெனி. யாங்கூனுக்கு எதிர்க்கரையில், சிரியத்தில், இன்று தன்லியின் என்று அழைக்கப்படும் ஊரில், அதன் சுத்திகரிப்பு ஆலை நின்றது. அந்த நாளில் விற்பனைச் சரக்கு மண்ணெண்ணெய்தான். சீக்கிரம் தீப்பிடிக்கும் பெட்ரோல் யாருக்கும் வேண்டாத தொல்லை. 1928-இல் ஷெல்லோடு கைகோத்து உண்டான பர்மா ஷெல் என்ற பெயர், எழுபதுகளில் அரசு அதை எடுத்துக்கொள்ளும் வரை தமிழ்நாட்டுப் பெட்ரோல் பங்க்குகளில் தொங்கியது. சிரியம் ஆலையை ஜப்பானியர் கையில் கிடைக்கக்கூடாதென்று 1942 மார்ச் 7 அன்று பிரிட்டிஷாரே தகர்த்துவிட்டு ஓடினார்கள், மறுநாள் ரங்கூன், அதாவது இன்றைய யாங்கூன், விழுந்தது. உலகுக்கு எண்ணெய் அனுப்பிய நகரம் இன்று தன் பெட்ரோலில் பெரும்பகுதியைச் சிங்கப்பூர் வழியாகக் கப்பலில் வரவழைக்கிறது.

சரி, எஞ்சின் ஏன் ஏறி இறங்குகிறது? மியான்மாரின் மின்சாரம் நம்முடையதைப் போலவே 50 சுழற்சி. இந்த வகை ஜெனரேட்டரில் அதைப் பெற எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் நிற்கவேண்டும். அங்கே நிறுத்துவது கவர்னர். எஞ்சின் வேகம் தளர்ந்தால் உள்ளே சுற்றும் எடைகள் சுருங்கும், ஒரு மெல்லிய கம்பி கார்புரேட்டரின் காற்றுவழிக் கதவான த்ராட்டிலைத் திறக்கும். வேகம் கூடினால் மூடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலுக்கு இரண்டு வழிகள் உண்டு. பாரம் ஏறும்போது மெயின் ஜெட். இரண்டு பல்பும் ஒரு விசிறியும் மட்டும் ஓடும் வேளையில், த்ராட்டில் ஏறத்தாழ மூடிக்கிடக்கும்போது, ஸ்லோ ஜெட் என்கிற பைலட் ஜெட்.

அடைப்பு முதலில் விழுவது ஸ்லோ ஜெட்டில்தான், அதுதான் மிகச் சின்னது. பெட்ரோல் குறைகிறது, எஞ்சின் தளர்கிறது, கவர்னர் த்ராட்டிலைத் திறக்கிறது. திறந்ததும் மெயின் ஜெட் விழித்துக்கொண்டு பெட்ரோலைத் தள்ளுகிறது, எஞ்சின் சீறுகிறது. கவர்னர் உடனே மூடுகிறது. மூடியதும் பொறுப்பு மறுபடி அடைபட்ட ஸ்லோ ஜெட்டின் தலையில். தளர்கிறது, திறக்கிறது, சீறுகிறது. கவர்னர் தன் வேலையை மிகச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது, கெட்டுப்போனது அதற்குக் கிடைக்கும் பதில். இதைத் தெரியாதவர்கள் முதலில் கை வைப்பது கவர்னர் ஸ்ப்ரிங்கில்! அதை இழுத்துவிட்டால் 50 சுழற்சியும் போய்விடும், வோல்டேஜும் தாறுமாறாகும், வீட்டு டி.வி.க்கு ஆபத்து.

நோயை உறுதி செய்ய ஸ்பேனர் கூட வேண்டாம். எஞ்சின் ஏறி இறங்கும்போது சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். சீராகிவிட்டதா? அப்படியென்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வரவில்லை. சோக் காற்றை அடைத்து, உள்ளே உறிஞ்சலைக் கூட்டி, அந்தக் குறையை மறைக்கிறது. பல யாங்கூன் வீடுகளிலும் பல தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் மாதக்கணக்கில் பாதிச் சோக்கிலேயே ஓடும் எஞ்சின்கள் இருக்கின்றன. ஓடும்தான். ப்ளக் கரிபிடிக்கும், பெட்ரோல் கூடச் செலவாகும். வோல்டேஜைச் சீராக்கும் ஏ.வி.ஆர். பொருத்திய ஜெனரேட்டரில் வெளிச்சம் ஓரளவு நிலையாக இருந்து ஏமாற்றலாம், அப்போது மின்விசிறியின் சத்தத்தைக் கேளுங்கள்.

அடைப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த தூசி அல்ல, பெட்ரோலே தான். பெட்ரோல் என்பது பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கூட்டு. நின்றுகிடந்தால் லேசானவை முதலில் பறந்துவிடும். மிஞ்சியவற்றில் இரட்டைப் பிணைப்பு கொண்ட மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடுகளாகி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பழுப்பு நிறப் பிசினாகிவிடும். பழைய வார்னிஷ் வாடை வந்தால் அதுதான். வெப்பம் இந்த வேலையை விரைவுபடுத்தும், யாங்கூனில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. ஈரத்துக்கும் இல்லை: ஆண்டில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் டேங்க் ஈரக் காற்றை இழுக்கும், நீர் துளிர்த்துப் பெட்ரோலுக்கு அடியில் இறங்கும், கிண்ணத்தின் தரையில் தங்கி உலோகத்தை வெள்ளைப் பொடியாக அரிக்கும். இந்தியாவில் இப்போது விற்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை இன்னும் ஆவலாக உறிஞ்சும், ஆகையால் நம்மூர்க்காரர் யாங்கூன்காரரைப் பார்த்து இரக்கப்பட ஒன்றுமில்லை.

இனி கழற்றலாம். வெட்டவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, ப்ளக் கேப்பைப் பிடுங்கிவிட்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்துபோய் அடுத்த அறை அடுப்பைத் தேடும். யாங்கூனின் ஆறு மாடிக் குடியிருப்புகளில் பலர் இந்த வேலையைப் பால்கனியில் செய்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டாவது செய்ய வேண்டும்.

பெட்ரோல் காக்கை மூடுங்கள். கிண்ணத்தின் அடியில் சாய்வாக ஒரு சிறு வடிகால் போல்ட் இருக்கும், அதைத் தளர்த்தி உள்ளே இருப்பதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் குமிழ் குமிழாகத் தனியே நிற்பது நீர். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, ஸ்பாஞ்சை எடுத்தால், 10 எம்.எம். நட்டுகள் இரண்டு தெரியும். ஃபில்டர் பெட்டியையும் கார்புரேட்டரையும் எஞ்சினோடு சேர்த்துப் பிடித்திருப்பது அந்த இரண்டும்தான். புதியவருக்குப் பெரிய கோட்டையாகத் தெரிவது இரண்டு நட்டில் நிற்கிறது! நட்டைக் கழற்றும் முன் போனில் நான்கு கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, கவர்னர் கம்பியும் அதைச் சுற்றிய முடி போன்ற ஸ்ப்ரிங்கும் த்ராட்டில் கையின் எந்தெந்தத் துளையில் நிற்கின்றன என்பதை.

பெட்ரோல் ஹோஸைக் கிளிப்பை நகர்த்தி உருவி, கார்புரேட்டரை அந்த நட்டுகள் ஏறியிருந்த ஸ்டட்டுகளிலிருந்து வெளியே இழுத்தால் கம்பி விடாது. இங்கேதான் பலர் பலத்தைக் காட்டுவார்கள். கார்புரேட்டரைக் கொஞ்சம் திருப்பிச் சாய்த்தால் கம்பியின் வளைந்த முனை தானாக நழுவும், ஸ்ப்ரிங்கை நுனி மூக்குக் குறடால் எடுக்கலாம். அது நீண்டுவிட்டால் எஞ்சின் ஏறி இறங்குவதற்கு நீங்களே இரண்டாவது காரணம் உண்டாக்கிவிட்டீர்கள் என்று பொருள். புல்வெட்டும் வண்டியில் கூடுதலாக, கிண்ணத்தின் அடியில் ஒயர் போகும் ஒரு சொலினாய்டு இருக்கலாம். சாவியைத் திருப்பும்போது அது ‘டிக்’ என்று சொல்லவில்லை என்றால் கார்புரேட்டரில் குற்றமில்லை, மின்சாரத்தைப் பாருங்கள்.

கேஸ்கட்டுகளை இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கட்டை இருக்கும், சூடு உள்ளே ஏறாமல் தடுப்பது அதுதான். அதன் இரு புறமும் ஒரு கேஸ்கட், ஃபில்டர் பக்கம் இன்னொன்று. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல. கார்புரேட்டரின் முகத்தில் கிண்ணத்துக்குக் காற்று போகும் சிறு துளைகள் உண்டு. கேஸ்கட்டைத் தலைகீழாக வைத்தால் அவை மூடிப்போகும், கிழிந்ததை மாட்டினால் பக்கவாட்டில் காற்று நுழையும். இரண்டிலும் பெட்ரோல்–காற்று விகிதம் கெட்டு, சுத்தம் செய்த எஞ்சின் முன்போலவே ஊளையிடும். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தும் பயனில்லை என்று புலம்புகிறவர்களில் பலருடைய கதை இதுதான். எடுத்த வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கி வையுங்கள்.

கிண்ணத்தைப் பிடித்திருப்பது அடியிலுள்ள ஒரே போல்ட். பிரித்ததும் மிதவை தெரியும். அதன் நடுவிலுள்ள ஊசிபோன்ற பின்னை ஒருபுறம் தள்ளினால் மிதவையும் அதில் தொங்கும் ஊசியும் கையோடு வரும். ஊசியின் கூம்பில் வளையமாகத் தேய்மானம் இருந்தால் பெட்ரோல் வழிவதற்கு அதுதான் காரணம். அப்படி வழிந்திருந்தால் எஞ்சின் ஆயிலையும் முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

நடுத்தூணுக்குள் சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவரை விட்டால் மெயின் ஜெட் கழலும், அதன் பின்னால் பக்கங்களில் துளையிட்ட ஒரு பித்தளைக் குழாய் விழும். பெட்ரோலைக் காற்றோடு நுரைக்க வைப்பது அந்தத் துளைகள். ஸ்லோ ஜெட் மேற்புறத்தில், கறுப்பு பிளாஸ்டிக் தலையோடு, ஐடில் ஸ்க்ரூவின் நிழலில் ஒளிந்திருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு மெதுவாக நெம்பினால் வந்துவிடும். மெயின் ஜெட்டை மட்டும் துடைத்துவிட்டு மூடுகிறவர்கள் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரியவேண்டும். மெயின் ஜெட்டின் துளை 0.7 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் சுவரில் 0.05 மில்லிமீட்டர் பிசின் படிந்தாலே விட்டம் 0.6 ஆகிறது, பரப்பில் 27 சதவீதம் போய்விடுகிறது. கண்ணுக்குத் துளை திறந்தேதான் இருக்கும். மறுபக்கமும் அதே கணக்கு: தையல் ஊசியை விட்டுத் துருவி விட்டம் 0.74 ஆகிவிட்டால் பரப்பு 12 சதவீதம் கூடிவிடும், அதைத் திரும்பக் குறைக்க வழியில்லை. பிசினைக் கரைக்க வேண்டும், சுரண்டக் கூடாது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, காற்றால் ஊதி, பிடிவாதமான அடைப்புக்கு நைலான் பிரஷ்ஷின் ஒற்றை முடியோ மெல்லிய செம்பு ஒயரின் ஓர் இழையோ போதும். ரப்பர் வளையங்களில் ஸ்ப்ரே படக்கூடாது, ஊதிப்பெருத்துத் தம் பள்ளத்தில் உட்கார மறுக்கும். வாயால் ஊதுவது நம்மூர்ப் பட்டறைப் பழக்கம், பெட்ரோல் அத்தனை நல்ல பானமல்ல. ஒரு துளையில் அடித்த ஸ்ப்ரே எதிர்பாராத இன்னொரு துளையில் கண்ணை நோக்கிப் பீறிடும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டும்போது முதலில் கவர்னர் கம்பியும் ஸ்ப்ரிங்கும், பிறகுதான் ஸ்டட்டுகள். பித்தளை ஜெட்டை இறுக்க விரல் பலமே அதிகம், உலோகம் மென்மையானது. நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். காக்கைத் திறந்து ஒரு நிமிடம் காத்திருங்கள். கிண்ணம் நிறைந்த பின் எங்காவது ஒரு சொட்டு வழிந்தால் கயிற்றை இழுக்காதீர்கள். வழியவில்லை என்றால் சோக்கை மூடி இழுத்து, பிடித்துக்கொண்டதும் மெல்லத் திறங்கள். சோக் முழுக்கத் திறந்த நிலையில், ஒரே ஒரு பல்பின் பாரத்தில், சத்தம் ஒரு கோடாக நிற்க வேண்டும். இதையும் வெளியில் வைத்தே பாருங்கள், பெட்ரோல் மிகுதியாக எரியும் எஞ்சின் வாடையில்லாத கார்பன் மோனாக்சைடைக் கக்கும்.

மழை பிடித்து அணைகள் நிறையும் மாதங்களில் ஜெனரேட்டர் மூலைக்குப் போகும் வீடாக இருந்தால், கடைசி நாளில் சுவிட்சைப் போட்டு அணைக்க வேண்டாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் காக்கை மூடிவிடுங்கள். கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை சில நிமிடங்கள் ஓடி, ஒருமுறை சீறி, தானே நிற்கும். பிறகு வடிகால் போல்ட்டைத் தளர்த்தி மிச்சமிருக்கும் சில சொட்டுகளையும் இறக்கிவிடுங்கள்.